சுவர் இறுகும் முன் சூட்டைக் கணக்கிடுங்கள்

மேலே இடம் போதாமல் பெங்களூர் நகரம் பூமிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. 2016இல் கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் வழியாகச் சிட்டி ரயில் நிலையம் வரை சுரங்கத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2017இல் சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட் பக்கம் இரண்டாவது சுரங்கம் வந்தது. டெய்ரி சர்க்கிளிலிருந்து நாகவாரா வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் துளைக்கும் வேலை 2024 அக்டோபரில் முடிந்தது. சிவாஜிநகர், கண்டோன்மென்ட், பாட்டரி டவுன், டானரி ரோடு என்று தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பேட்டைகளுக்கு அடியில்தான் அது போகிறது. இவை போதாதென்று ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு வரை சுரங்கச் சாலை, சர்ஜாபுரத்துக்கு இன்னொரு மெட்ரோ என்று புதிய திட்டங்களும் தீட்டப்பட்டுள்ளன.

கட்டணம், நெரிசல், வெட்டப்படும் மரங்கள், விரிசல் விடும் வீடுகள் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் விவாதம் நடக்கிறது. நடக்க வேண்டியதுதான். ஆனால் சுரங்கத்தில் சேரும் சூட்டைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை. அதைப் பற்றி இப்போது பேசாவிட்டால் பிறகு பேசிப் பயனில்லை என்பதே இங்கே வற்புறுத்தப்படும் கருத்து.

சூடு எங்கே போகிறது?

ஓடுகிற ரயிலை நிறுத்த பிரேக் போடுகிறார்கள். ஓட்டத்தில் இருந்த சக்தியில் ஒரு பகுதியை இக்காலத்து ரயில்கள் மின்சாரமாக மாற்றித் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. மிச்சம் சூடாகிவிடுகிறது. பெட்டிக்குள் குளிரூட்டும் இயந்திரம் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துச் சுரங்கத்தில்தான் விடுகிறது. மோட்டார், விளக்கு, நகரும் படிக்கட்டு எல்லாம் சூடு தருபவை. மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறத்தாழ 100 வாட் விளக்கு அளவுக்குச் சூடு விடுகிறான். ஆயிரம் பேர் ஏறிய வண்டியில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பகுதியைக் காற்றாடிகள் வெளியே தள்ளுகின்றன. மற்றது சுவருக்குள் இறங்கி, சுவரைத் தாண்டி மண்ணிலும் பாறையிலும் சேர்கிறது. மண் அதை எளிதில் விடாது. எடுப்பே இல்லாத சேமிப்புக் கணக்கைப் போல அது ஏறிக்கொண்டே போகும்.

இதற்கு லண்டன் நகரமே சாட்சி. அங்கே ஆழச் சுரங்க ரயில்கள் நூறு ஆண்டுகளுக்கு முன் தோண்டப்பட்டபோது சுற்றியுள்ள களிமண்ணின் சூடு 14 டிகிரி அளவில்தான் இருந்தது. கோடைக்குக் குளிர்ச்சியான இடம் என்று சுரங்க ரயிலுக்கு விளம்பரம் செய்த காலமும் உண்டு. இன்று அதே களிமண் இடத்துக்கு இடம் 19 முதல் 26 டிகிரி வரை ஏறி நிற்கிறது. கோடையில் சில பாதைகளில் பயணிகள் வெந்து போகிறார்கள். யாருக்கும் தெரியாமல் சேர்ந்த சூட்டை இப்போது பேரப்பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள்.

பூமிக்கு அடியில் சூடு எப்படியிருக்கும் என்று பெங்களூர்த் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இந்நகரில் ஏராளம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் ஆழமாகப் போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. இயந்திரம் வைத்துக் குளிர்வித்த காற்றைக் கீழே அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

மெட்ரோ போவது பதினைந்து, இருபது மீட்டர் ஆழத்தில். அங்கே பாறை தானாகச் சுடுவதில்லை. மனிதன்தான் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். ஆயினும் சூட்டில் நின்று வேலை பார்க்க வேண்டியவன் இரண்டு இடத்திலும் தொழிலாளிதான். பயணி பத்து நிமிடத்தில் மேலே ஏறிவிடுவார். கடைசி வண்டி போனபின் இரவில் தண்டவாளம் பார்ப்பவரும், கேபிள் இழுப்பவரும், ஒப்பந்தக் கூலிக்குக் கழுவித் துடைப்பவரும் அப்படி ஏறிவிட முடியாது.

குழாய் செய்யும் வேலை

இந்தச் சூட்டைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. சுரங்கத்தின் உள்சுவர் வளைந்த கான்கிரீட் துண்டுகளை வளையமாகச் சேர்த்துக் கட்டப்படுவது. அந்தத் துண்டுகளைத் தொழிற்கூடத்தில் வார்க்கும்போதே கம்பிக்கூட்டோடு விரல் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாய்களை வளைத்துக் கட்டிவிடுகிறார்கள். சுரங்கத்தில் துண்டுகளைப் பொருத்தியபின் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துத் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். தண்ணீர் சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. மேலே வெப்ப பம்ப் என்னும் இயந்திரம் அந்தச் சூட்டைப் பிழிந்து எடுத்து வெந்நீர் போடுகிறது. வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்து முதுகுப்புறம் விடுகிறதல்லவா, அதே வேலைதான். கெய்சருக்கு ஆகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ போதும்.

இது வெறும் கற்பனையன்று. ஆஸ்திரியாவில் ஜென்பாக் என்ற ஊரில் ரயில் சுரங்கத்தின் 54 மீட்டர் நீளத்தில் இப்படிக் குழாய் பதித்தார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரச் சுரங்க ரயிலிலும் சோதனை நடந்தது. இத்தாலியில் டுரின் நகர மெட்ரோவில் 2017இல் அந்நகரப் பொறியியல் பல்கலைக்கழகத்தார் இரண்டு வளையங்களில் குழாயும் அளவுக் கருவிகளும் பதித்து அளந்து பார்த்தார்கள். லண்டனில் கிராஸ்ரெயில் சுரங்கத்துக்கும் இதே யோசனை ஆராயப்பட்டது. ஆனால் சுரங்கத்தில் பதிக்கப்படவில்லை. பதிக்காமல் விட்ட இடத்தில் இனிப் பதிக்க முடியாது. இறுகிய கான்கிரீட்டுக்குள் குழாய் நுழைக்க எந்த ஒப்பந்தக்காரராலும் ஆகாது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

குழாய் பதிப்பதற்கு முன் அது எவ்வளவு சூட்டை எடுக்கும், எத்தனை ஆண்டுக்கு எடுக்கும் என்று கம்ப்யூட்டரில் மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். கணக்குப் பேரேடு எழுதும் குமாஸ்தாவுக்கு இது எளிதில் புரியும். சுவரையும் சுற்றியுள்ள பாறையையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு உண்டு. பக்கத்துக் கட்டத்திலிருந்து வந்த சூடு வரவு; பக்கத்துக் கட்டத்துக்கும் குழாய்க்கும் போனது செலவு. இன்றைய இறுதி இருப்பே நாளைய ஆரம்ப இருப்பு. லட்சக்கணக்கான கட்டங்களுக்கு ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு இப்படிப் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

சிக்கல் வளைவில் வருகிறது. ஆறு மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தின் சுற்றளவு 18.85 மீட்டர். அதே வட்டத்தைச் சதுரக் கட்டங்களால் படிப்படியாக வெட்டி வரைந்தால் சுற்றளவு 24 மீட்டராகிவிடும். கட்டத்தை எவ்வளவு சிறிதாக்கினாலும் அந்த 24 குறையாது. ஐயமிருப்பவர் கோட்டுத்தாளில் வரைந்து கூட்டிப் பார்க்கலாம். அதாவது, கவனமில்லாமல் போட்ட கணக்கில் இல்லாத சுவர் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். கிடைக்காத சூடும் வரவில் ஏறிவிடும். அதனால்தான் வளைவோடு வளைந்து போகும் கட்டங்களை அமைக்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் குழாயில். குழாயின் பருமன் இரண்டரை சென்டிமீட்டருக்குள். சுரங்கமோ கிலோமீட்டர் கணக்கு. குழாயின் உள்ளளவுக்குக் கட்டம் பிரித்தால் எந்தக் கம்ப்யூட்டரும் திணறும். ஆகவே குழாயைக் கனமில்லாத ஒரு கோடாக வைத்து, அதில் ஓடும் தண்ணீர் வழியெல்லாம் சுவரோடு சூட்டைக் கொடுத்து வாங்குவதாகக் கணக்கிடுகிறார்கள். சரியாகச் செய்தால் இதில் தவறு வராது. சரியாகச் செய்தார்களா என்பதற்கு அளந்து பார்த்த புள்ளியைத் தவிர வேறு சாட்சி இல்லை. டுரின்காரர்கள் இரண்டு வளையம் பதித்து அளந்ததன் பொருள் இதுதான்.

இரவல் கணக்கு உதவாது

டுரினில் சுவரின் சதுர மீட்டருக்கு 50 வாட்டையொட்டிச் சூடு கிடைத்தது. அந்த ஊரில் நிலத்தடி நீர் சுரங்கத்தைச் சுற்றி வேகமாக ஓடுகிறது. எடுத்த சூட்டுக்கு ஈடாக அது புதிய சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்படி ஓட்டமில்லாத இடங்களில் 10, 20 வாட்தான். பெங்களூரின் நிலை என்ன? அடியில் கருங்கல் பாறை. களிமண்ணைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு உறிஞ்சி நீர்மட்டம் இறங்கிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் ஒரு மட்டம், கோடையில் ஒரு மட்டம். அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வேண்டும். இங்கே அந்தத் தேவை இல்லை. ஆகவே வெளிநாட்டு எண்ணை எடுத்து இங்கே ஒட்டவைப்பது, இன்னொருவர் அளவெடுத்த சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வது போலத்தான்.

குளிரில்லாத ஊரில் இந்தச் சூடு யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயமே. ஆனால் பெங்களூரில் வெந்நீர் இல்லாமல் காலையில் குளிப்பவர் எத்தனை பேர்? மருத்துவமனை, மாணவர் விடுதி, ஓட்டல், சலவைக்கூடம் எல்லாவற்றிலும் வருஷம் முழுதும் வெந்நீர் வேண்டும். குறைந்த கணக்காகச் சதுர மீட்டருக்கு 20 வாட் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் சுரங்கத்தில் நூறு மீட்டர் நீளச் சுவர் முழுவதும் குழாய் பதித்தால் 37 கிலோவாட் வரும். இரவு பகலாக எடுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 25,000 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க அது போதும். இதுவும் தோராயக் கணக்குதான். உண்மை இதில் பாதியாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இங்குள்ள பாறையிலேயே சோதனை வேண்டும்.

செலவு கூடும், குழாய் ஒழுகினால் பழுது பார்க்க முடியாது என்று இன்னொரு வாதம். ஒரே நீளக் குழாயாகப் போடாமல் பல தனித்தனிச் சுற்றுகளாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் வால்வு வைத்தால், கெட்டதை அடைத்துவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். செலவைப் பொறுத்தவரை, பின்னால் கூடுதல் காற்றாடியும் குளிர் இயந்திரமும் வைத்து ஆண்டுதோறும் கட்டப்போகும் மின்கட்டணத்தையும் அருகில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கட்டணம் கடைசியில் டிக்கெட்டில்தான் வந்து விழும்.

செய்ய வேண்டியது

முதலாவதாக, ஏற்கெனவே கட்டி முடித்த சுரங்கங்களின் சுவரிலும் பாறையிலும் சூட்டை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, ஆண்டுதோறும் அளவை மக்கள் அறிய வெளியிட வேண்டும். லண்டன் நூறு ஆண்டு கழித்துப் பார்த்ததை இங்கே முதல் நாளிலிருந்தே பார்க்கலாம்.

இரண்டாவதாக, இனி எந்தச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தம் கோரும் முன் நூறாண்டுச் சூட்டுக் கணக்கு கட்டாயமாக்கப்பட வேண்டும். குறைந்தது சில வளையங்களிலாவது குழாய் பதித்துச் சோதித்துக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். இந்திய விஞ்ஞானக் கழகம் இருக்கும் நகரில் இதைச் செய்ய ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கணக்கு லாபமில்லை என்று காட்டினால் விட்டுவிடலாம். கணக்கே போடாமல் விடுவதுதான் குற்றம்.

மூன்றாவதாக, குழாய் பதிக்காத பழைய சுரங்கங்களுக்கும் வழி உண்டு. லண்டனில் இஸ்லிங்டன் பகுதியில், 1922இல் மூடப்பட்ட ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் வழியாக வெளிவரும் வெப்பக் காற்றிலிருந்து 2020 முதல் சூட்டை எடுத்து 1,350க்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனை இருக்கிறது. அதன் பக்கத்திலேயே சுரங்கம் போகிறது. வெளியே தள்ளப்போகும் காற்றிலிருந்து அங்குள்ள நோயாளிகளுக்கு வெந்நீர் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது.

நான்காவது, மிக முக்கியமானது. எடுக்கப்படாத சூடு எங்கேயாவது வெளியே வந்தே தீரும். காற்றாடியின் வாய் எந்தத் தெருவைப் பார்த்து வைக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய பங்களாக்களின் பக்கம் அது திரும்பாது என்பது ஊரறிந்த சங்கதி. ஓட்டு வீடுகளும் தகரக் கூரைகளும் நெருங்கிய சந்துகளின் முகத்தில் அந்த அனலைக் கொட்டினால் கேட்பதற்கு நாதியில்லாமல் போய்விடக் கூடாது. குடியிருப்போர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் வரைபடம் தயாராகும்போதே இதைக் கேட்க வேண்டும்.

சுரங்கம் நூறு ஆண்டு நிற்பதற்காகக் கட்டப்படுகிறது. அதன் திட்டத்தில் கையெழுத்திடும் அதிகாரி சில ஆண்டுகளில் ஓய்வு பெற்றுவிடுவார். ஒப்பந்தக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். டானரி ரோட்டிலும் பாட்டரி டவுனிலும் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அந்தச் சுரங்கத்தோடு வாழப்போகிறவர்கள். கான்கிரீட் இறுகச் சில வாரங்கள் போதும். அதற்கு முன்னால் சூட்டைக் கணக்கிடுவதற்குச் சில மாதங்களை ஒதுக்க மாட்டோம் என்று உரியவர்கள் சொல்வார்களானால், அதற்கான காரணத்தை மக்களிடம் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது.