முற்றிலும் தாற்காலிகமானது

விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டு வரும் அறிவிப்புகளை உரைநடையாகப் பாவித்துப் படிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. படிக்கலாம். சிதம்பரமானாலும் டில்லியானாலும் வாசகம் ஒன்றுதான். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தேவை. பணி முற்றிலும் தாற்காலிகமானது. திட்டம் முடியும் நாளில் வேலையும் முடியும். நிரந்தரம் கோர உரிமையில்லை. நேர்காணலுக்குப் பயணப்படி கிடையாது. வரச் சொல்ல ஒரு வாக்கியம், போகச் சொல்ல மூன்று. ஒரு ஸ்தாபனம் எதற்குப் பயப்படுகிறது என்பதை அதன் உரைநடையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சம்பளம் போதாது என்பதல்ல என் வாதம். மத்திய அரசு 2023இல் 'ரிசர்ச் அசோசியேட்' உதவித்தொகையை 58,000 முதல் 67,000 ரூபாய் வரை உயர்த்தியது. பிரச்னை காலம்.

கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, அந்தக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும், அலையாத்திக் காடு உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். கெர், பேர்ட், கேம்பெல் மூவரும் 2006இல் அதே ஆங்கில ஆய்விதழில் மறுத்தார்கள்: கடலிலிருந்து உள்ள தூரத்தையும் நிலத்தின் உயரத்தையும் கணக்கில் கொண்டால், தாவரத்தின் பங்கு அற்பம் என்று. நல்ல சண்டை; விமர்சனம் என்றால் இதுதான். ஆனால் இப்படிப்பட்ட வழக்கு ஒரு சுற்று அளவெடுப்பில் தீராது. அலைக்கு முந்தைய வருஷங்களின் கணக்கும் பிந்தைய வருஷங்களின் கணக்கும் வேண்டும். கழிமுகம் இரண்டு வருஷத் திட்டத்துக்கு ஏற்ப நடந்துகொள்வதில்லை. சேற்றையும் நீரோட்டத்தையும் ஒருவர் பழகிக்கொள்ளும் நேரத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார். இதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

நிரந்தரம் கொடுத்துத்தானே அண்ணாமலை நொடித்தது என்பார்கள். உண்மை உண்டு. அளவுக்கு மீறிய நியமனங்களால் நிதி நெருக்கடி முற்றி, 2013இல் மாநில அரசு தனிச்சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்கள் பிற இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் அங்கே தோற்றது நிரந்தரம் அல்ல, தேர்வு. தேவையும் தகுதியும் பாராமல் ஆளெடுத்த பாவத்துக்கு, தகுதியோடு வருகிறவனைத் தாற்காலிகனாக்குவது பிராயச்சித்தம் ஆகாது.

இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தமிழில் விஞ்ஞானச் சிந்தனை இல்லை என்று வருஷம் தவறாமல் புலம்புகிறவர்கள் நாம்தான். சிந்தனை வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரே இடத்தில் நீண்டகாலம் நின்று பார்க்கிறவனிடமிருந்து வருகிறது. அடுத்த விண்ணப்பத்துக்கு ஆங்கிலக் கட்டுரைகளை எண்ணிக்கொண்டிருப்பவன் தமிழில் எழுதமாட்டான். எழுதச் சொல்ல நமக்கு யோக்யதையும் இல்லை. தங்கள் செத்தவர்களைப் பற்றி நடந்த அந்த விவாதத்தை அந்த 18 குப்பங்களில் எத்தனை பேர் படித்திருக்க முடியும்?

கோரிக்கை சிறியது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒருவருக்குப் பத்து வருஷ வேலை. வருஷம் ஒரு முறை, பார்த்ததைத் தமிழில் எழுதும் கடமை. இதைக்கூடக் கேட்கக் கூசினால், மொழிப் பற்று பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்வோம்.