மேட்டில் அடிக்க வேண்டிய ஆணி

டயகம பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், லயத்துக் காம்பராக்களில் சட்டி, பேசின், பால்மா டின் எல்லாம் ஒழுகுகிற இடம் பார்த்து உட்கார்ந்துவிடும். "தகரம் ஓட்டையாப் போச்சு, மாத்தித் தரணும்" என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்கிறோம். கேட்பது நியாயம்தான். ஆனால் புதுத் தகரம் போட்ட கூரையும் அடுத்த மழைக்கே ஒழுகுவது ஏன்?

நெளிதகரத்தில் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். கைப்பழக்கம் இல்லாதவர் ஆணி அடிப்பதும் அங்கேதான். பள்ளம் மரத்தோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அடிக்கச் சுலபம். வேலை தெரிந்த பாஸ் மேட்டில் அடிப்பார். அதிலும் சுத்தியல் அடி ஒன்று கூடிப்போனால் மேடு நசுங்கி, ஆணியைச் சுற்றிச் சின்னக் குளம் கட்டிவிடும். இன்னொன்று, ஒரு தகரத்தின் மேல் அடுத்தது ஏறும் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டியிருக்க வேண்டும். அதற்குக் காற்று வரும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்முனையிலிருந்து வேயத் தொடங்க வேண்டும். ஹோட்டன் சமவெளி அடிவாரத்துக் காற்றுக்கு இதை மறந்தவர் வேய்ந்த கூரையில்தான் பிறகு கல்லும் பழைய டயரும் ஏறுகின்றன.

தகரம் என்று சொல்கிறோமே தவிர, அகராதி சொல்லும் தகரம் நம் கூரையில் துளியும் இல்லை. அது துத்தநாகம் பூசிய இரும்பு. இரும்புத் தகட்டை நெளித்தால் விறைப்பு கூடும் என்பதற்கு லண்டனில் ஹென்றி பாமர் 1829இல் காப்புரிமை பெற்றார்; துத்தநாகப் பூச்சு 1837இல் பிரான்சில் வந்தது. துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். ஆகவே சின்னக் கீறலுக்குப் பயமில்லை. குசினி விறகுப் புகையும், விடியற்காலைப் பனியில் தகரத்தின் உள்பக்கம் வேர்ப்பதும்தான் அதைத் தின்கின்றன. மேலே பளபளப்பாக இருக்கும் கூரை உள்ளே செம்பட்டையாகக் கிடப்பது அதனால்தான்.

கூரை வேலை இந்தத் தொழிலில் ஒரு பங்குதான். பீலி, புகைக்குழாய், ஸ்டோரில் ட்ரையருக்குச் சூடான காற்றுக் கொண்டுபோகும் குழாய் எல்லாம் தகட்டு வேலையே. ஆறு அங்குல விட்டத்தில் புகைக்குழாய் சுருட்டப் பதினெட்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தகடு வேண்டும். மடிப்புக்கு மேலும் ஓர் அங்குலம். அந்தக் குழாய் சரிந்த கூரையைத் துளைக்கும் ஓட்டை வட்டமாக இராது, முட்டை வடிவில் நீளும். வட்டமாக வெட்டிவிட்டுப் பிறகு தாரைப் பூசி அடைப்பதைப் பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வரவில்லை என்று அனுப்பப்பட்ட பையன்கள் இந்தக் கணக்கைத் தகட்டின் மேல் ஆணியால் கீறிப் போடுகிறார்கள்.

படிப்பைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். சாதாரண தரம் சித்தியடையாதவருக்குச் சான்றிதழே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. தனியாகப் பொறுப்பேற்று வேலை முடிக்கும் கைவினைஞருக்கு உரியது நான்காம் மட்டம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பயிற்சி நிலையத்தில் படித்தும் இதைப் பெறலாம், ஏற்கெனவே செய்துவரும் வேலையைக் காட்டியும் பெறலாம். இரண்டாவது வழிக்கு நைட்டா என்கிற பயிலுநர் பயிற்சி அதிகார சபையில் கேட்க வேண்டும். மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்துகாட்டச் சொல்வார்கள், கேள்வியும் கேட்பார்கள். துத்தநாகத் தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும் என்பது போன்றவற்றை அனுபவசாலிகளும் சரியாக அறிந்திருப்பதில்லை. ஆகவே கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது.

செய்த வேலைக்குச் சான்றும் கேட்பார்கள். நம் பாஸ்மார் தடுமாறுவது அங்கேதான். இருபது வருடமாக வேய்ந்த கூரைகளில் ஒன்றுக்குக்கூடப் படம் இராது. இனி மேலே ஏறும்போது போனும் சட்டைப்பையில் இருக்கட்டும். பெருமழைக்கு மறுநாள், காம்பராவுக்குள் நின்று மேலே பார்த்தும் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும்.