எண்ணினால் போதுமா?

ஆண்டுக்கு எத்தனை சேலை தறியிலிருந்து இறங்கியது என்று மட்டும் பார்த்தால், உடலும் கரையும் சேருமிடத்தில் ஐயம்பேட்டை நெசவாளி போட்ட கோர்வை கண்ணில் படாது. விஞ்ஞானிகளை மட்டும் ஏன் கட்டுரை எண்ணிக்கையாலும் மேற்கோள் கணக்காலும் எடைபோடுகிறோம்? 1943இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒரு சூத்திரம் தந்தார்: விண்மீன்களுக்கு நடுவே பாயும் பெரும் நிறை, தன் ஈர்ப்பால் பின்னால் திரளும் விண்மீன்களாலேயே இழுபட்டு வேகம் குறையும். பெரிய கேலக்ஸி சிறியதை விழுங்குவதைக் கணிக்க 1970களிலும் அது உதவியது, இன்றும் உதவுகிறது. இப்படிப் பல பத்தாண்டு கழித்துக் காய்க்கும் ஆய்வை, அண்மைய மேற்கோள்களை மட்டும் கூட்டிப் பதவி உயர்வு தரும் குழு எப்படி அடையாளம் காணும்? எண்ணியது போதும், கட்டுரையைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.