வழிகாட்டுவோர் குறைவதேன்?

துறைமுகத்து மக்களாகிய நமக்கு வழிகாட்டியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெருங்கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவினின்றும் உட்துறைமுகத்துட் புகுங்கால், ஆழமும் பாறையும் அறிந்த வழிகாட்டி ஒருவர் அதில் ஏறி நின்று உள்ளே கொணர்வர். வானில் விமானத்துக்கு அப்பணியைச் செய்பவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். அவர் விமானத்தில் ஏறுவதில்லை. நிலத்திலிருந்தே ராடர்த் திரையை நோக்கி, வானொலியிற் பேசி, ஒன்றோடொன்று மோதாது பல விமானங்களை ஒருங்கே நடத்துகின்றார்.

இத்தகையோர் நம் நாட்டிற் குறைந்தமை அண்மைக்கால வரலாறு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஒரு டொலரின் விலை 200 ரூபா அளவினின்றும் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. அதன் பின்னர் அனுபவம் முதிர்ந்த கட்டுப்பாட்டாளர் பலர் பிறநாடுகளில் வேலை பெற்றுச் சென்றனர். 2023இல் அவர்தம் சங்கம் ஆட்பற்றாக்குறை பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. சம்பளத்தை உயர்த்தினால் யாவும் சீராகும் என்பார் பலர். சம்பளமும் ஒரு காரணமே. இத்தொழிலின் விதிகளும் ஆங்கிலச் சொற்றொடர்களும் உலகெங்கும் பொதுவாதலின், இங்குக் கற்றவர் எங்கும் விரும்பப்படுவர். ஆயினும் மூலகாரணம் வேறு என்பது எமது துணிபு.

ஒரு கட்டுப்பாட்டாளரை உருவாக்க ஆண்டுகள் வேண்டும். வகுப்பறைப் பாடமும் பாவனைப் பயிற்சியும் முடிந்தபின், மூத்தவர் ஒருவர் அருகிருக்க உண்மை விமானங்களை நடத்திப் பழகவேண்டும். வேறு நிலையத்துக்கு மாறினால் அவ்விடத்துக்கென மீண்டும் பயின்று தேறவேண்டும். கற்பிப்போரும் பணியிலுள்ள மூத்தோரே. அவர் தொகை குறைந்தால் கடமை பார்ப்பரா, இளையோரைப் பயிற்றுவரா? இவ்வாறு பற்றாக்குறையே மேலும் பற்றாக்குறையை ஈனுகின்றது.

தம்பலகாமத்து உழவர் எத்துணை வறுமையிலும் விதைநெல்லைத் தொடார். விமானங்கள் குறைந்த காலத்தில் ஆட்சேர்ப்பையும் பயிற்சியையும் நிறுத்திச் செலவு குறைக்கும் நிருவாகமோ விதைநெல்லையே உண்கின்றது. 2020இல் பெருந்தொற்றினால் வானம் வெறிச்சோடியபோது பல நாடுகள் இதனைச் செய்தன. போக்குவரத்து மீண்டபோது ஆளின்றித் திகைத்தன.

செல்வ நாடும் இதற்கு விலக்கன்று. 1981 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவிற் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். இரு நாட்களின் பின் ஜனாதிபதி றேகன் 11,000க்கு மேற்பட்டோரைப் பணிநீக்கினார். அவ்விடங்களை நிரப்பப் பல்லாண்டு சென்றது. ஒரே காலத்திற் சேர்க்கப்பட்டோர் ஒரே காலத்தில் ஓய்வுபெறும் வயதை எய்தவே, இருபத்தைந்து ஆண்டுகளின் பின் மீண்டும் குறைவு தலைகாட்டிற்று.

இக்குறைவின் விலை பணத்தாற் கணிக்கத் தக்கதன்று. 2002 யூலை 1ஆம் நாள் இரவு, சுவிற்சர்லாந்தின் சூரிச் நிலையத்தில் உடனிருந்தவர் ஓய்வுக்குச் சென்றிருக்க, ஒருவரே இரு திரைகளைக் கவனித்தார். பராமரிப்பு வேலையால் எச்சரிக்கைக் கருவியும் முழுமையாக இயங்கவில்லை. ஜேர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதின. பள்ளிச் சிறுவர் பலர் உட்பட 71 பேர் மாண்டனர். தனியொருவர் தோளில் இருவர் சுமையை ஏற்றும் வழக்கத்தைச் சகித்த நிருவாகத்துக்கும் அக்குற்றத்திற் பங்குண்டு.

ஆதலின் அதிகாரத்திலுள்ளோர் வெற்றிடம் தோன்றுமுன்னரே ஆண்டுதோறும் சிலரையேனும் சேர்த்துப் பயிற்றுதல் வேண்டும். பயிற்றுவோரின் கடமை நேரத்தைக் குறைத்து, அப்பணிக்கெனத் தனிப்படியும் வழங்குதல் வேண்டும். நம் கல்லூரி மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். சீனன்குடா விமானத்தளத்தின் அயலில் வளரும் நீங்கள் வானூர்தியைக் கண்டவுடன் விமானியாகவே கனவு காண்கின்றீர்கள். கணிதமும் பௌதிகமும் தெளிவான ஆங்கிலமும் கலங்காத நெஞ்சும் உடையோர்க்கு நிலத்திலும் ஓர் உயரிய ஆசனம் உண்டு. அதனை நாடுவோர் நம் மாவட்டத்தினின்றும் பலராகத் தோன்றுக!