போன் டொக்டராகுமா?



கிளினிக் கொப்பியை எங்களிடம் நீட்டி, "மாஸ்டர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்ட அம்மாமார், இப்போது பிள்ளையின் போனில் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். ஆங்கிலத் துண்டைப் படம் எடுத்துக் கொடுத்தால் அது தமிழில் விளக்குகிறது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. வைத்தியசாலையில் மொழி புரியாமல் தலையாட்டிவிட்டு வந்த வேதனை நமக்குத் தெரியும்.

ஆனால் அது நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஏராளமான எழுத்துகளைப் படித்து, அடுத்த சொல் எதுவென்று கணிக்கும் இயந்திரம் அது. ஆங்கிலத்தில் கற்றது அதிகம், தமிழில் குறைவு. பிழையையும் உறுதியாகவே சொல்லும். கையெழுத்தைத் தவறாக வாசித்தால் சீனி வருத்தக் குளிசையின் அளவே மாறிப்போகும்.

ஆகவே விளக்கம் கேளுங்கள். ஆனால் டொக்டரைக் கேட்காமல் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. தமிழ் பேசும் தாதியும், தமிழில் எழுதிய மருந்துத் துண்டும் நாம் கேட்கும் சலுகையல்ல, உரிமை. "அதுதான் போன் இருக்கிறதே" என்று அதைத் தட்டிக்கழிக்க எவரையும் விடமாட்டோம்.