பஜ்ஜி சாப்பிடவா சங்கமம்?

பொங்கலுக்குச் சென்னையில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், சங்கமம் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் வயதுக்காரர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் சாப்பாட்டுப் பட்டியலாகவே இருக்கும். வாழைக்காய் பஜ்ஜி, பருத்திப்பால், கருப்பட்டிக் காபி. கடைசியில், "ஏதோ பறை அடித்தார்கள், கரகம் ஆடினார்கள், கூட்டம் தாங்கவில்லை" என்று ஒரு வரி. ஆம்பூர்க்காரர் ஒருவர் அங்கே போய் பிரியாணிக்கு வரிசையில் நின்ற கதையைப் பெருமையாகச் சொன்னார். இதற்கு ரயில் டிக்கெட் எதற்கு?

சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கியது. சபாவுக்குள் நுழையாத கலைகளைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டு வந்தார்கள். சில ஆண்டுகள் நடந்து நின்று போனது. 2023 ஜனவரியில் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரும் சேர்ந்து, நகரில் 18 இடங்களில் மறுபடி நடந்தது. இதற்கிடையே 2020 டிசம்பரில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யை ஆரம்பித்தது. சபாக்களில் கச்சேரி நடக்கும் அதே மார்கழியில் கானாவும் ஒப்பாரியும் பறையும் மேடை ஏறின. இரண்டையும் வரவேற்கிறேன். என் சண்டை விழாவோடு அல்ல, அதைப் பார்க்கப் போகும் நம்மோடு.

காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சாவுக்கு அடிக்கிற மேளத்தைப் பண்டிகை நாளில் பூங்காவில் வைத்து அடிக்கலாமா சார்?" வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் எனக்கு வியப்பு. நம் ஊர்களின் சோறே தோலில் இருந்து வருகிறது. இங்கே தைத்த ஷூ கடல் கடந்து போனால் ஏற்றுமதி என்று மார்தட்டுகிறோம். அதே தோலை ஒரு மரவளையத்தில் இழுத்து ஒட்டினால் முகம் சுளிக்கிறோம்.

மிருதங்கம் மட்டும் எதனால் ஆனது? பசு, ஆடு, எருமை என்று மூன்று தோல்கள் அதற்கு வேண்டும். அதைச் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இட அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. வாத்தியம் வேண்டும், அதைச் செய்த கையைப் பற்றிப் பேச்சு மட்டும் வேண்டாம்!

பறை சாவுக்கென்று பிறந்ததும் அல்ல. ஐந்து நிலங்களுக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் அதைச் சொல்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல். செய்தி சொல்லும் கருவி அது. அதைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தியது சாதி.

நிற்க. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரான்சில் 1982-இல் கலாசார அமைச்சராக இருந்த ழாக் லாங், ஜூன் 21-ஆம் தேதியை இசைத் திருநாளாக்கினார். 'ஃபெத் த லா ம்யூசிக்' என்று பெயர். அந்த 'ஃபெத்' என்ற ஒலிக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து உண்டு. ஒரு விதமாக எழுதினால் 'இசை விழா'. இன்னொரு விதமாக எழுதினால் 'இசை செய்யுங்கள்'. விழாவின் பெயரிலேயே வந்தவருக்கு ஒரு வேலையை வைத்துவிட்டார்கள். அந்த நாளில் வாசிக்கத் தெரிந்தவர் எல்லாம் தெருவுக்கு வருவார்கள். புதுச்சேரியிலும் இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். நாமோ விழா என்றால் யாரோ ஆட, நாம் தின்னுவது என்று வைத்திருக்கிறோம்.

அதற்காக எழுபது வயதில் கரகம் தூக்கச் சொல்லவில்லை. நம்மால் ஆவது ஐந்து காரியம். குறிப்பெழுதிப் பழகிய கை, எண் போட்டே எழுதுகிறேன்.

1. உட்காருங்கள். பத்து மேடையைச் சுற்றாமல் ஒரு குழுவை முதலில் இருந்து கடைசி வரை பாருங்கள். தெருக்கூத்து நம் பழைய வடஆற்காடு ஜில்லாவின் சொத்து. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமம் அதற்குப் பேர்போனது. இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும் கூத்தை விழாவில் சுருக்கித்தான் போட முடியும். அந்தச் சிறு பொழுதுகூட உட்கார மாட்டோம் என்றால் எப்படி?

2. கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். பறை அடிக்கிறவரின் இரண்டு கையிலும் இரண்டு விதமான குச்சி இருக்கும். ஒன்று தடித்துக் குட்டையானது, மற்றது மெலிந்து நீளமானது. ஆட்டத்துக்கு முன் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள். சூடு ஏறினால்தான் தோல் விறைத்து நாதம் வரும். நம் ஊர் ஷூவுக்குப் போகிற பதனிட்ட தோல் இப்படிப் பேசாது. தோல் மண்டி நண்பர்கள் இதை ரசிக்காவிட்டால் வேறு யார் ரசிப்பார்கள்?

3. பெயரைக் கேளுங்கள். நான் பார்த்த வருவாய்த் துறைக் கோப்புகளில் 'தண்டோரா மூலம் விளம்பரம் செய்யப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். அடித்தவர் பெயர் இருக்காது. தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது, நல்லது. ஆனால் பெயர் கேட்காத நம் வழக்கம் நிற்கவில்லை. ஆசானின் பெயர், ஊர், தொலைபேசி எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அந்த எண்ணுக்குப் போன் போட்டு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழையுங்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் கேரளத்துச் செண்டை மேளம் வருகிறது, கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். செண்டையும் தோல்தான். பக்கத்துக் கிராமத்துப் பறைக் குழு என்றால் மட்டும் பேரம் பேசி, கூலியில் பாதியைப் பாட்டிலாகக் கொடுக்கப் பார்க்கிறோம். அறுபது வயதுக்காரரை "டேய், நல்லா அடிடா" என்கிறோம். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அரசாங்கம் 'திரு' போட்டு எழுதிவிட்டது. நம் வாயில்தான் இன்னும் வரவில்லை. பேசிய தொகையைப் பணமாகக் கொடுங்கள். மற்ற விருந்தாளிகளோடு அதே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

5. மனு எழுதிக் கொடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவியும் இருக்கிறது. படிவத்தைப் பார்த்துப் பயந்தும், எந்தச் சான்று எங்கே வாங்குவது என்று தெரியாமலும் விட்டுவிட்டவர்கள் பலர். முப்பது வருஷம் கோப்புப் பார்த்த நமக்குத் தெரிந்த ஒரே கலை இதுதான்.

இந்த ஐந்தில் ஒன்றாவது செய்தால் சங்கமத்துக்குப் போய் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாமல் பஜ்ஜி மட்டும் தின்றவர், கடைக்குப் போய் வந்தேன் என்று சொல்லட்டும், தப்பில்லை.

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் உங்களுக்குத் தெரிந்த கலைஞர் யாராவது அட்டை வாங்காமல் இருந்தால் என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன். ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கொண்டு வரச் சொல்லுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.