சுவருக்கு வெளியே வந்த சித்திரங்கள்



தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கோவிலுக்குள்ளே நிற்கும் சனத்தைவிட வெளியே வளவில் நிற்கும் சனம்தான் அதிகம். தமிழரும் சிங்களவரும் மரங்களின் கீழே தங்கி, சமைத்து, மன்றாடுவார்கள். கோவிலின் சுவரோடு திருவிழா முடிந்துவிடுவதில்லை.

சித்திரக் கண்காட்சியும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்த கலைஞர்கள் நம் நாட்டில் உண்டு. கண்காட்சி என்றதும், "அது கொழும்பில் வசதியானவர்கள் போகிற இடம், நமக்கென்ன?" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கத் தேவையில்லை என்பதற்காகவே இம்மாதம் இதை எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டில் கொழும்பில் 'தீர்த்த' என்ற கலைஞர் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. பின்னர் அது 'ரெட் டொட்' என்ற காட்சிக்கூடத்தையும் நடத்தியது. ஆனால் சனம் தங்களைத் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. போர்நிறுத்தக் காலமான 2004இல் யாழ்ப்பாணம் போய், பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்ற கண்காட்சியை வைத்தார்கள். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட அதே நூலகம்தான் அது. அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலை விரிவுரையாளராக இருந்த தா. சனாதனன், வீடு வீடாகச் சேர்த்த சாதாரணப் பொருட்களை அங்கே காட்சிக்கு வைத்தார். வீட்டில் கிடந்த சாமானே அங்கே சரித்திரமானது.

அவர் அதோடு நிற்கவில்லை. 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற கருத்தில் ஆங்கிலப் பெயரிட்ட ஒரு நூல் வெளிவந்தது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரினால் வீட்டை விட்டுப்போன 80 பேர், தங்கள் வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அந்தக் கீறலோடு, கட்டடக் கலைஞர் முறையில் வரைந்த படமும், சனாதனனின் சித்திரமும் சேர்க்கப்பட்டன. இப்படி ஒரு கண்காட்சியே கையில் எடுத்துச் செல்லும் புத்தகமானது. பார்ப்பதற்கு மண்டபம் தேவையில்லை.

'தீர்த்த' அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் அனோலி பெரேரா என்ற பெண். துணி, தையல், லேஸ் என்று நாம் வீட்டில் கையாளும் பொருட்களே அவருடைய கலையில் இடம்பெறுகின்றன. நம் கைவேலையைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகள் பலர் கற்பிட்டி, புத்தளம் பக்கமே வந்து சேர்ந்தார்கள். வேறு ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்த பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வீடுகள் பலவற்றுக்கு இன்று ஒரு புகைப்படமும் இல்லை. பிள்ளைகளுக்கோ அவை வெறும் கதை.

ஆகவே ஒரு கொப்பியும் பென்சிலும் எடுங்கள். கிணறு எங்கே, குசினி எங்கே, முற்றத்து வேம்பு எந்தப் பக்கம் என்று கீறுங்கள். கோடு வளைந்தால் பரவாயில்லை. பக்கத்தில் ஊரின் பெயரையும், வெளிக்கிட்ட ஆண்டையும், கூட இருந்தவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கீறினால் இன்னும் நல்லது. அழுகை வந்தால் அன்றைக்கு மூடி வைத்துவிடுங்கள். இன்னொரு நாள் தொடரலாம்.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். இந்தப் படம் காணி உறுதிக்குப் பதிலாகாது. காணி அலுவல்களுக்கு உரிய பத்திரங்களோடு பிரதேச செயலகத்துக்கே போகவேண்டும். அடுத்தது, யாராவது உங்கள் படத்தையோ கதையையோ கண்காட்சிக்குக் கேட்டால், எங்கே வைப்பீர்கள், என் பெயரைப் போடுவீர்களா, திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். மனமில்லையென்றால் "இல்லை" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம் தொங்கினாலே போதும். அதுவும் ஒரு கண்காட்சிதான். அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் உங்கள் பிள்ளைகளே.